பர்மா பஜாரில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்

பெட்டியை மேல வைக்காதீங்க தம்பி. இந்த டிரைவர் பிரேக் போடற லட்சணத்துக்கு, மேல வெச்ச சாமானெல்லாம் செங்கல்பட்டு தாண்டறதுக்குள்ள யார் தலையிலயாவது இறங்கிடும். மடியிலயே வெச்சுக்குங்க. என்னது, பொம்மையா? ரோபோவா! பையனுக்கா? கடைக்குப் போனீங்க, எடுத்தீங்க, வந்துட்டீங்க. பத்து நிமிஷம் ஆகியிருக்குமா? ஓ, போன்லயே வாங்கிட்டீங்களா. வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துட்டுப் போனானா. அது சரி. குடுத்து வெச்ச பையன்.

எங்கப்பாவும் எனக்கு ஒரு ரோபோ பொம்மை வாங்கக் கிளம்பினாரு தம்பி. எண்பத்து மூணாம் வருஷம், முழுப் பரீட்சை லீவு. ஆறு ஞாயித்துக்கிழமை. ஆறு! அயனாவரத்துல பஸ் ஏறி, பாரீஸ் கார்னர்ல இறங்கி, பர்மா பஜாருக்கு. ஆறு வாரமும் போனோம், ஆறு வாரமும் வெறுங்கையை வீசிக்கிட்டு வந்தோம். உலகத்துல கஞ்சன் உண்டு, மகா கஞ்சன் உண்டு. எங்கப்பாவுக்குத் தனியா ஒரு பேர்தான் கண்டுபிடிக்கணும்.

அவர் பேரு மாசிலாமணி. ரங்கூன்ல பிறந்து வளர்ந்தவரு. அங்க எல்லாத்தையும் சர்க்கார் எடுத்துக்கிட்டு நம்ம ஆளுங்களைக் கப்பல் ஏத்தி அனுப்பினாங்களே, அதுல வந்தவரு. இங்க ஒரு அச்சாபீஸ்ல கம்பாசிட்டர். நாளெல்லாம் ஈய எழுத்தைப் பொறுக்கிப் பொறுக்கி அடுக்கற வேலை. எழுத்தெல்லாம் அங்கயே செலவாயிடும் போல. வீட்டுக்கு வந்தா வாய்ல ஒண்ணும் மிச்சம் இருக்காது. 'சோறு', 'போதும்', 'ஃபேனைப் போடு'. முடிஞ்சது. எங்கம்மா தில்லைநாயகி நேர்மாறு. அரக்கோணத்துக்காரங்க. குழாயடியில ஆரம்பிச்சா அடுப்படி வரைக்கும் பேச்சு நிக்காது. அப்பா பதில் சொல்றாரா இல்லையான்னு கூடப் பாக்க மாட்டாங்க. பழகிப்போச்சு.

அந்த வருஷம் நான் அஞ்சாம் வகுப்புல ரெண்டாவது ரேங்க் எடுத்துட்டேன். எப்படின்னு கேக்காதீங்க, அது தனிக் கதை. அப்பா சந்தோஷத்துல வாய் தவறி, 'என்ன வேணும்?'னு கேட்டுட்டாரு. நான் விடுவேனா? 'ஜப்பான் ரோபோ'ன்னேன். எங்க வகுப்புல ஒருத்தனுக்கு அவங்க மாமா கப்பல்லேருந்து கொண்டாந்திருந்தாரு. முழங்கை உசரம், நெஞ்சுல ரெண்டு கதவு. ஸ்விட்சைப் போட்டா நாலடி நடக்கும், நிக்கும், கதவு திறக்கும், உள்ள துப்பாக்கி சிவப்பா மின்னும், இடுப்பு மட்டும் ஒரு சுத்து சுத்தும், கதவு மூடும், மறுபடி நடக்கும். நான் அதைத் தொட்டுப் பாக்கறதுக்கு அவனுக்கு ரெண்டு மாசம் கணக்கு வீட்டுப்பாடம் போட்டுக் குடுத்தேன்.

முதல் ஞாயித்துக்கிழமை. இதை நல்லா கேளுங்க, ஏன்னா அன்னிக்கே வாங்கியிருக்க வேண்டியது. பஜாருக்குள்ள நுழைஞ்சதும் மூணாவது கடையில ரோபோ இருந்துச்சு. அப்பா விலை கேட்டாரு, குறைச்சாரு, கடைக்காரரும் சரின்னுட்டாரு. பையிலேருந்து பர்ஸ் வெளிய வந்தாச்சு தம்பி. பர்ஸ் திறந்தாச்சு. அப்போ பக்கத்துக் கடையில ஒரு அம்மா, 'வாங்க, வாங்க, ஜப்பான் குடை, ஜப்பான் டார்ச்'னு கூவினாங்க. அப்பா திரும்பிப் பாத்தாரு. அவ்வளவுதான். பர்ஸை மூடினாரு. அந்தக் கடைக்காரர் கத்தறாரு, 'சார், பேசி முடிச்சுட்டுப் போறீங்களே'ன்னு. அப்பா காதுல விழவே இல்ல. அந்த அம்மா கடை முன்னாடி போய் மரம் மாதிரி நிக்கறாரு. அந்த அம்மாவும் கையில குடையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கறாங்க.

'கோ மணி?'ன்னாங்க.

'கோ'ன்னா பர்மாவுல அண்ணனாம், பின்னாடி அவங்களே எனக்குச் சொன்னாங்க. எங்கப்பாவை 'மணி'ன்னு கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல. அம்மா வீட்டு ஆளுங்களுக்கு அவர் மாப்பிள்ளை, அச்சாபீஸ்ல மாசிலாமணி சார்.

அந்த அம்மா பேரு பவளம். பூப்போட்ட லுங்கி, மேல வெள்ளைச் சட்டை, கன்னத்துல சந்தனம் மாதிரி ஒரு மஞ்சள் பூச்சு. அவங்க கடையிலயும் ரோபோ இருந்துச்சு, மேல் தட்டுல. எடுத்து, பேட்டரி போட்டு, கடை ஓரத்துல ஒரு பலகையை வெச்சு, 'விளையாடு கண்ணு'ன்னு என்கிட்ட குடுத்துட்டாங்க. அப்புறம் ரெண்டு பேரும் பேரம் பேச ஆரம்பிச்சாங்க.

பேரம்னா அதுதான் தம்பி பேரம்! ரெண்டு மணி நேரம். அதுவும் பர்மா பாஷையில. வீட்டுல மூணு வார்த்தைக்கு மேல பேசாத மனுஷன், ஸ்டூல் போட்டு உக்காந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசறாரு. நடுவுல சிரிக்கறாரு. எங்கப்பாவுக்குக் கடைவாய்ல ஒரு பல் இல்லேன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அந்த அம்மா லேசுப்பட்டவங்களா? அவங்களும் விடல. ஒரு கட்டத்துல முந்தானை இல்லாத குறைக்கு லுங்கி நுனியால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. பாருங்க, விலையைக் குறைக்கச் சொன்னா அழுது காட்டறாங்க. வியாபாரத்துல எத்தனை தந்திரம்!

கடைசியில அப்பா எழுந்து, ரோபோவை ஒரு பார்வை பாத்துட்டு, 'கண்ணு சரியா எரியல. அடுத்த வாரம் வருவோம்'னாரு.

ரெண்டாவது வாரம், 'இது ஜப்பான் இல்ல, தைவான்.' மூணாவது வாரம், 'பல்சக்கரம் சத்தம் போடுது.' நாலாவது வாரம், 'பச்சை கலர் இருக்கான்னு பாக்கலாம்.' நான் பச்சை கேக்கவே இல்ல தம்பி! என்னமோ கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி ஒரு தகரப் பொம்மைக்கு இத்தனை குறை. ஆனா பேரத்துக்குப் போற அலங்காரத்தைப் பாக்கணுமே. சனிக்கிழமையே வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குப் போட்டுடுவாரு. காலையில சவரம், முகத்துக்குப் பவுடர். நான்கூட நினைச்சேன், நல்ல உடுப்புல போனாத்தான் கடைக்காரங்க மதிச்சு விலையைக் குறைப்பாங்க போலன்னு.

எனக்கும் ஒண்ணும் குறையில்ல, சொல்லக் கூடாது. போற வாரமெல்லாம் அந்த அம்மா எனக்கு எதிர்ல தள்ளுவண்டியில அத்தோ வாங்கித் தருவாங்க. பர்மா நூடுல்ஸ் தம்பி, கோஸும் புளித்தண்ணியும் போட்டுக் கையால பிசைஞ்சு தருவாங்க, கூட வாழைத்தண்டு சூப். சாப்பிடறப்போ என் பக்கத்துல உக்காந்து கதை சொல்லுவாங்க. 'உங்கப்பாவும் நானும் ரங்கூன்ல ஒரே மாடி வீடு கண்ணு. அவங்க கீழ, நாங்க மேல. அவங்க முதல்ல கப்பல் ஏறிட்டாங்க. எங்களுக்கு ஒன்றரை வருஷம் கழிச்சுத்தான் கப்பல் கிடைச்சுது. வந்து முகாம் முகாமாத் தேடினோம். எந்த ஊருக்குப் போனாங்கன்னு யாருக்குமே தெரியல. அப்புறம் எங்கப்பா முகாம்லயே ஒருத்தருக்கு என்னைக் கட்டி வெச்சுட்டாரு.'

பத்து வயசுப் பையன்கிட்ட எதுக்கு இந்தக் கதையெல்லாம்? ஊர்க்காரங்கன்னு சொல்லி நெருக்கமாயிட்டா அப்புறம் விலையைக் குறைச்சுக் கேக்க நமக்கு வாய் வராதில்ல, அதுக்குத்தான். எனக்கு அந்த வயசுலயே இதெல்லாம் புரிஞ்சிடுச்சு.

அஞ்சாவது வாரம், 'அடுத்த வாரம் கப்பல்ல புதுச் சரக்கு வருதாம்.' எனக்குத் தாங்கல. வீட்டுக்கு வந்து புரண்டு புரண்டு அழுதேன். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கிட்டிருந்தாங்க.

'பஜார்ல வேற கடையே இல்லியாடா?'

'நூறு கடை இருக்கு. அப்பா அந்த ஒரே கடைக்குத்தான் போறாரு.'

'யார் கடை?'

'பவளம் அத்தை கடை.'

'அத்தையா? உனக்கு ஏதுடா அங்க அத்தை?'

'அவங்கதான் அப்படிக் கூப்பிடச் சொன்னாங்க. ரங்கூன்ல மாடியில இருந்தாங்களாம். அப்பாவை கோ மணின்னு கூப்பிடுவாங்க. அப்பா நல்லா சிரிச்சுச் சிரிச்சுப் பேரம் பேசறாரும்மா, ஆனா வாங்கவே மாட்டேங்கறாரு.'

அம்மா அவரைக்காயை நறுக்கறதை நிறுத்திட்டாங்க. 'சிரிக்கறாரா?'ன்னாங்க. அதை மட்டும் ரெண்டு தடவை கேட்டாங்க. ஆமாம்னேன். எனக்கு ரோபோ கவலை, இவங்களுக்கு சிரிப்புக் கவலை. அப்புறம் அன்னிக்கு முழுக்க அம்மா பேசவே இல்ல. நல்லவேளையா அப்பா அதைக் கவனிக்கல.

ஆறாவது வாரமும் போனோம், புதுச் சரக்கு வரலேன்னு வந்தோம். அடுத்த புதன்கிழமை, அப்பா வேலைக்குப் போனதும், அம்மா என்னைக் கிளப்பினாங்க. கத்திரி வெயில் தம்பி. அந்த வெயில்ல அம்மா கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கிட்டு, தலை நிறைய பூ வெச்சுக்கிட்டு, நகையெல்லாம் போட்டுக்கிட்டு வராங்க. பஸ்ல எல்லாரும் எங்களையே பாக்கறாங்க. பொம்மை வாங்கவா, பெண்ணழைப்புக்கான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.

நான்தான் கடையைக் காட்டினேன். பவளம் அத்தை என்னைப் பாத்து, 'வா கண்ணு'ன்னு ஆரம்பிச்சவங்க, பின்னாடி அம்மாவைப் பாத்ததும் எழுந்து நின்னுட்டாங்க. 'வாங்கக்கா'ன்னாங்க. கையை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாம சட்டையை இழுத்து விட்டுக்கிட்டாங்க.

அம்மா கடையைப் பாக்கல. ஸ்டூலைப் பாத்தாங்க. அப்புறம் அந்த அம்மா முகத்தைப் பாத்தாங்க.

'இவன் கேக்கற பொம்மையை எடுங்க.'

பவளம் அத்தை எடுத்தாங்க. 'குழந்தைக்குத்தானே, எடுத்துட்டுப் போகட்டும்க்கா.'

'சும்மா வேண்டாம். விலை சொல்லுங்க.'

ஒரு விலை சொன்னாங்க. நான் சும்மா இருப்பேனா? 'அம்மா, முதல் வாரம் இதே பொம்மைக்கு இதைவிட ரெண்டு மடங்கு சொன்னாங்கம்மா!'ன்னேன். சத்தியமா, நியாயத்தைத்தான் சொன்னேன். அம்மா உடனே அந்த ரெண்டு மடங்கு விலையை எண்ணி வெச்சாங்க. அந்த அம்மா பாதியைத் திருப்பித் தராங்க. எங்கம்மா மறுபடி அதை நகர்த்தறாங்க. அவங்க இந்தப் பக்கம் தள்ளறாங்க. பர்மா பஜார்ல வாங்கறவங்க விலையை ஏத்தி, விக்கறவங்க விலையைக் குறைச்சு நடந்த பேரம் அது ஒண்ணாத்தான் இருக்கும். இந்த லட்சணத்துல அப்பாவுக்கு ஆறு வாரம் குறைக்க முடியல பாருங்க!

கடைசியில பவளம் அத்தை முழுப் பணத்தையும் எடுத்துக்கிட்டாங்க.

'உங்க வீட்டுக்காரர்?'னு அம்மா கேட்டாங்க.

'முகாமை விட்டு வந்த ரெண்டாம் வருஷமே போயிட்டாருக்கா.'

'பிள்ளைங்க?'

'இல்லக்கா.'

அம்மா தலையில பூ வாடிப் போய்க் காதோரம் தொங்கிச்சு. அதைப் பின்னாடி தள்ளிவிட்டுட்டு, 'பொம்மை வாங்கியாச்சு. இனிமே இவங்கப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை இங்க வேலை இருக்காது'ன்னாங்க. கோபமாச் சொன்ன மாதிரியும் இல்ல. கெஞ்சற மாதிரிகூட இருந்துச்சு.

'சரிக்கா'ன்னாங்க அவங்க. அவ்வளவுதான். பேட்டரி நாலு, தனியா ஒரு கவர்ல போட்டு, பெட்டிக்கு நூல் கட்டிக் குடுத்தாங்க. அந்த நூலைக் கட்டறதுக்கு அவ்வளவு நேரம். வியாபாரிக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியல.

வர்ற வழியில பெட்டியை என்கிட்ட குடுக்கவே இல்ல அம்மா. அயனாவரம் வர்ற வரைக்கும் ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சிருந்தாங்க, என்னமோ பொம்மை ஜன்னல் வழியா குதிச்சுடும்ங்கற மாதிரி.

சாயங்காலம் அப்பா வந்தாரு. நான் கூடத்துல ரோபோவை நடக்க விட்டுக்கிட்டிருக்கேன். டக், டக்னு போய் அவர் கால்ல முட்டி நின்னுச்சு. நெஞ்சைத் திறந்து சுட்டுச்சு. எனக்கு ஒரே சிரிப்பு. அப்பா செருப்பைக்கூடக் கழட்டாம நிக்கறாரு.

'யார் வாங்கினது?'

'அம்மா! பவளம் அத்தை கடையிலதான்!'

அடுக்களையில பாத்திரச் சத்தம் நின்னுடுச்சு. அப்பா அந்தப் பக்கம் பாத்துக் கேட்டாரு, 'பேரம் பேசலியா?'

'இல்ல. எனக்கு அந்த பாஷை தெரியாது'ன்னு அம்மா உள்ளேருந்தே சொன்னாங்க.

அப்பா உக்காந்து செருப்பைக் கழட்டினாரு. ஒத்தைச் செருப்பைக் கையில வெச்சுக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில வழக்கம்போல சவரம் பண்ணிக்கிட்டு வெள்ளைச் சட்டையைப் போட்டாரு. நான்கூட எங்கயோ போறோம்னு ஓடினேன். அப்பா வாசல் வரைக்கும் போய், திரும்பி வந்து, சட்டையைக் கழட்டிக் கொடியில போட்டுட்டு, பேப்பரை எடுத்துக்கிட்டாரு.

அதோட முடிஞ்சது தம்பி. அதுக்கப்புறம் அவர் என்னை ஒரு இடத்துக்கும் கூட்டிட்டுப் போனது கிடையாது. அந்த மூணு வார்த்தைகூட ரெண்டாயிடுச்சு. ஒரு பொம்மையைப் பேரம் பேசாம வாங்கிட்டாங்கன்னு ஒரு மனுஷன் எத்தனை வருஷம் முகத்தைத் தூக்கி வெச்சுக்குவாரு? முப்பத்தஞ்சு வருஷம்! அதுவும் நல்ல பொம்மையா? ரெண்டு மாசத்துல அடியில ஒட்டியிருந்த ஜப்பான் ஸ்டிக்கர் உரிஞ்சு வந்துச்சு, உள்ள தைவான்னு இருக்கு. அதுல மட்டும் அப்பா சொன்னது சரி.

என்ன தம்பி, நமட்டுச் சிரிப்பு சிரிக்கறீங்க? நீங்க என்ன நினைக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரியும் இந்தக் கதையைக் கேட்டுட்டு அதையேதான் சொன்னா. ரெண்டு நாள் அவகூட பேசல நான். எங்கப்பா அந்த மாதிரி ஆள் கிடையாது. அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்திருந்தா நாங்க ஏன் அயனாவரத்துல ஒண்டுக்குடித்தனத்துல இருக்கப்போறோம்?

அவர் போய் ஏழு வருஷம் ஆகுது. மூளையில ரத்தக்குழாய் அடைச்சுக்கிச்சு. கண்ணைத் திறந்தப்போ தமிழ் சுத்தமா போயிடுச்சு. இருந்தா பேசுவார்ங்கறதில்ல, ஆனாலும் போயிடுச்சு. படுக்கையில பர்மா பாஷைதான். அதுவும் நிறுத்தாம. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப, பதறிப் பதறி. டாக்டருக்கும் புரியல, நர்ஸுக்கும் புரியல. ரெண்டு நாள் பாத்துட்டு அம்மா என்னை வெளிய கூப்பிட்டாங்க.

'பர்மா பாஷை தெரிஞ்சவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வாடா.'

'யாரைம்மா கூட்டிட்டு வர?'

அம்மா தரையைப் பாத்துக்கிட்டே, 'அந்தக் கடை இருக்கான்னு பாரு'ன்னாங்க. 'இருந்தா, நான் கூப்பிட்டேன்னு சொல்லு.'

போனேன். கடை இருக்கு, ஆனா செல்போன் உறை விக்கறாங்க. பவளம் அம்மா தவறி நாலு வருஷம் ஆச்சுன்னு அங்க இருந்தவர் சொன்னாரு. வெறுங்கையோட வரக்கூடாதுன்னு, எதிர்ல அத்தோ வண்டி வெச்சிருந்த யாசின் பாயைக் கூட்டிட்டு வந்தேன். வயசானவரு, ரங்கூன்காரரு. அம்மாகிட்ட சேதி சொன்னேன். 'ம்'னாங்க. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கிட்டு, 'பாயை உள்ள வரச் சொல்லு'ன்னாங்க.

பாய் கட்டில் பக்கத்துல குனிஞ்சு காதைக் குடுத்துக் கேட்டாரு. நிமிர்ந்து சொன்னாரு, 'ஒண்ணுமில்லம்மா. மழை வருதாம். கொடியில துணி கிடக்காம், ஓடிப்போய் எடுக்கச் சொல்றாரு.'

எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. இதுக்கா பாரீஸ் கார்னர் வரைக்கும் ஆட்டோ? வெளிய சுள்ளுனு வெயில். ஆஸ்பத்திரியில எந்தக் கொடி, என்ன துணி?

'யாரை எடுக்கச் சொல்றாரு பாய்?'னு அம்மா கேட்டாங்க.

பாய் அம்மாவை ஒரு தடவை பாத்தாரு. 'பேரு எதுவும் சொல்லலம்மா'ன்னாரு.

அம்மா கட்டில்ல உக்காந்து அப்பா கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. 'எடுத்துட்டேன்னு சொல்லணும். அந்த பாஷையில எப்படிச் சொல்றது பாய்?'

பாய் சொல்லிக் குடுத்தாரு. அம்மாவுக்கு நாக்கு புரளல. மூணு தடவை பாய்கிட்ட சொல்லிக் காட்டி, சரிதானான்னு கேட்டுக்கிட்டு, அப்பா முகத்துக்கிட்ட குனிஞ்சு சொன்னாங்க. எழுபது வயசுல, அரக்கோணத்துக்காரங்க, பர்மா பாஷையில.

பதறிக்கிட்டிருந்த அப்பா அடங்கிட்டாரு. அம்மாவையே உத்துப் பாத்தாரு. அப்புறம் மெதுவா ஏதோ கேட்டாரு. ரெண்டு நாள் சொன்னது இல்ல, வேற.

'என்ன கேக்கறாரு?'ன்னேன்.

பாய் என்கிட்ட சொல்லல, அம்மாகிட்டதான் சொன்னாரு. 'நீ நனைஞ்சிட்டியான்னு கேக்கறாரும்மா.'

அம்மா புடவைத் தலைப்பால அப்பா நெத்தியைத் துடைச்சு விட்டாங்க.

'இல்லேங்கறதுக்கு என்ன சொல்லணும் பாய்?'